பிரிட்டிஷ் சமூக யதார்த்தப் படங்களில் எதற்கு இத்தனை அலுவலக மேசைகள்?

1. முருங்கைமரம் (மதுரை)

படம் தொடங்கும்போது திரை முழுக்கக் கறுப்பு. பெயர்கள் ஓடுகின்றன, இரண்டு குரல்கள் மட்டும் கேட்கின்றன. ஒரு பெண் கேட்கிறார்: கையைத் தூக்கித் தலையில் தொப்பி வைக்க முடியுமா? சட்டைப் பைக்குக் கை எட்டுமா? ஆண் குரல் முதலில் பொறுமையாகவும் பிறகு எரிச்சலாகவும் பதில் சொல்கிறது. என் கையும் காலும் நன்றாகத்தான் இருக்கின்றன, கோளாறு இதயத்தில், அதைப் பற்றிக் கேளுங்களேன் என்கிறார். அந்தப் பெண் தம் கையில் இருக்கும் படிவத்தை விட்டு நகர்வதாக இல்லை.

கென் லோச் இயக்கிய 'ஐ, டேனியல் பிளேக்' (2016) இப்படித்தான் தொடங்குகிறது. நியூகாசிலில் வாழும் 59 வயதுத் தச்சர். மாரடைப்பு வந்தவர், வேலைக்குப் போகக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வேலை செய்யும் தகுதி உண்டு என்று அரசு மதிப்பீடு சொல்லிவிட்டது. உதவித்தொகைக்கு 15 புள்ளிகள் வேண்டும், அவருக்குக் கிடைத்தவை 12. இந்த மூன்று புள்ளிகளின் இடைவெளியில்தான் முழுப் படமும் நடக்கிறது.

கடந்த இரண்டு வாரங்களாக இந்த வகைப் படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வறுமை, மழை, செங்கல் வீடு, தேநீர் என்றுதான் இவற்றைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு வேறொன்று உறுத்தியது. மேசை. ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார், இந்தப் பக்கம் இருப்பவரின் வாழ்க்கையை அவர் ஒரு தாளுக்குள் இறக்க வேண்டும். 'கெஸ்' (1969) படத்தில் பள்ளியை முடிக்கப்போகும் பில்லி, வேலைவாய்ப்பு அலுவலர் முன்னால் உட்கார்கிறான். அந்த மனிதர் கெட்டவர் அல்லர், களைத்துப்போனவர். அலுவலக வேலையா, கையால் செய்யும் வேலையா என்று கேட்கிறார். பையனுக்கு அந்தச் சொல்லே புரியவில்லை. சுரங்கத்துக்குள் மட்டும் போகமாட்டேன் என்கிறான். வேறு எங்கே போவான் என்று அவனுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஒரு வல்லூற்றைப் பிடித்துப் பழக்கி, வெட்டவெளியில் பறக்கவிட்டுத் தன் கைக்கே திரும்பி வரவைத்தவன் அவன். அதை எழுத அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

'கேத்தி கம் ஹோம்' (1966) படத்திலும் இதே கதைதான், அங்கே வீட்டுவசதி அலுவலகம். ஆகவே இந்த வகைமையின் உண்மையான பொருள் ஏழ்மை அல்ல, ஒரு வாழ்க்கையைப் படிவத்தின் மொழிக்கு மாற்றும்போது எது சிந்திப்போகிறது என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தவறென்றால் திட்டவும் செய்யலாம்.

2. பழைய_புரொஜக்டர் (கோயம்புத்தூர்)

தம்பி, நல்ல கவனிப்பு. ஆனால் மூன்று படங்களை வைத்துக்கொண்டு முழு வகைமைக்கும் சட்டம் எழுதுகிறீர்கள். மூன்றுமே லோச் படங்கள்.

முதலில் சொற்குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இந்தக் குழுமத்திலேயே பலர் சமூக யதார்த்தவாதத்தையும் சோசலிச யதார்த்தவாதத்தையும் ஒன்றாக எழுதுகிறார்கள். பின்னது 1930களில் சோவியத் அரசு கலைஞர்களுக்கு விதித்த கொள்கை. நாளை வரப்போகும் பொன்னுலகை இன்றே காட்டவேண்டும். பிரிட்டிஷ்காரர்கள் செய்ததில் பொன்னும் இல்லை, நாளையும் இல்லை. வாடகை எப்போது கட்டுவது என்பதுதான் இருந்தது. இந்தப் படங்களுக்கு ஒட்டிக்கொண்ட 'கிச்சன் சிங்க்' (சமையலறைத் தொட்டி) என்ற பட்டப்பெயர்கூட சினிமாவில் பிறந்ததல்ல. ஜான் பிராட்பி போன்ற ஓவியர்களைப் பற்றி டேவிட் சில்வெஸ்டர் 1954இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது.

வேரைத் தேடினால் 1930களின் ஆவணப்படங்களுக்குப் போகவேண்டும். 'ஹவுசிங் பிராப்ளம்ஸ்' என்று 1935இல் ஒரு சிறு படம். எட்கர் ஆன்ஸ்டியும் ஆர்தர் எல்ட்டனும் எடுத்தது. லண்டன் சேரியில் குடியிருப்பவர்கள் தங்கள் வீட்டுக்குள்ளேயே நின்று, கேமராவைப் பார்த்து, சொந்த வாயால் பேசுகிறார்கள். ஒரு பெண்மணி எலி வந்த கதையைச் சொல்லும் விதம் இருக்கிறதே, எந்த நடிகையாலும் முடியாது. அதுவரை திரையில் ஏழைகளைப் பற்றி வேறு யாரோதான் பேசினார்கள். இந்தப் படத்துக்குப் பணம் கொடுத்தது யார் தெரியுமா? எரிவாயு வணிகச் சங்கம். சேரியை இடித்துப் புது அடுக்குமாடி கட்டினால் எரிவாயு அடுப்பு விற்கும். இந்த வகைமையின் பிறப்புச் சான்றிதழிலேயே விளம்பரதாரர் பெயர் இருக்கிறது.

பிறகு 1956 பிப்ரவரி. லண்டன் நேஷனல் ஃபிலிம் தியேட்டரில் லிண்ட்சே ஆண்டர்சன், கரேல் ரைஸ், டோனி ரிச்சர்ட்சன், லொரென்சா மட்செட்டி நால்வரும் தங்கள் சிறு படங்களை 'ஃப்ரீ சினிமா' என்ற பெயரில் சேர்த்துத் திரையிட்டார்கள். (ஆண்டர்சன் பிறந்தது பெங்களூரில், 1923இல். தந்தை ராணுவ அதிகாரி. நம் ஊர்க்காரர் என்று கொண்டாட வேண்டாம், தகவலுக்காகச் சொன்னேன்.) அங்கிருந்துதான் பிரிட்டிஷ் சினிமாவின் 'புதிய அலை' கிளம்பியது. அந்தப் படங்களில் உங்கள் மேசை எங்கே? 'சாட்டர்டே நைட் அண்ட் சண்டே மார்னிங்' (1960) படத்தின் ஆர்தர் சீட்டன் யார் முன்னாலும் மனுவோடு நிற்கவில்லை. நாட்டிங்ஹாம் சைக்கிள் தொழிற்சாலையில் கடைசல் எந்திரத்தின் முன் நின்று, முடித்த உருப்படிகளை எண்ணிக்கொண்டே முதலாளியைச் சபிக்கிறான். கையில் கூலி இருக்கிறது, சனிக்கிழமை மதுக்கடை இருக்கிறது. அவனுக்கு வேலை இல்லாத கவலை இல்லை, வேலை இருப்பதுதான் கவலை. கடைசியில் மேட்டில் நின்று, கட்டிக்கொண்டிருக்கும் புது வீடுகளை நோக்கி ஒரு கல்லை எறிகிறான். வருங்கால மனைவியோடு அதே மாதிரி வீட்டில்தான் குடியேறப்போகிறான். அந்தக் கல்லுக்கு என்ன பொருள் என்று எங்கள் திரைப்படச் சங்கத்தில் இரவு பதினொரு மணி வரை சண்டை போட்டோம்.

'கெஸ்' படத்தையும் அந்தச் சங்கத்தில்தான் பார்த்தேன், 16 மில்லிமீட்டர் பிரதியில், துணையெழுத்து இல்லாமல். கதை நடக்கும் வட இங்கிலாந்துச் சுரங்க ஊரான பார்ன்ஸ்லியின் பேச்சில் பாதி புரியவில்லை. நம் ஆங்கிலம்தான் மோசம் என்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அமெரிக்கர்களுக்கே புரியாது என்று சில வசனங்களை மாற்றி ஒலிசேர்த்தார்களாம்.

3. கரிசல்காரன் (கோவில்பட்டி)

ஐயா சொன்னதில் ஒரு வாசகம் முக்கியம்: மேட்டில் நின்று. இந்தப் புதிய அலைப் படங்களில் எல்லாவற்றிலும் நாயகன் ஒரு குன்றில் ஏறி ஊரைப் பார்க்கிறான். புகைபோக்கிகள், ஓட்டு வீடுகள், பனிமூட்டம். அழகான சட்டகம். எனக்கு ஒரு சந்தேகம். ஆலையில் ஐந்து நாள் வேலைபார்த்தவன் ஞாயிற்றுக்கிழமை குன்றேறி ஊரை ரசிப்பானா, தூங்குவானா? ஊரை மேலிருந்து பார்க்கும் ஆசை இயக்குநருக்குத்தான்.

இயக்குநர்கள் யார்? ஆண்டர்சனும் ரிச்சர்ட்சனும் ஆக்ஸ்போர்டு. ரைஸ் கேம்பிரிட்ஜ். லோச் ஆக்ஸ்போர்டில் சட்டம் படித்தவர். தொழிலாளியின் வாழ்க்கை என்பது இவர்களுக்கு ரயிலேறிப் போய்ப் பார்க்கும் ஊர். ஒருமுறை போய்வந்தார்கள், பரிசு வாங்கினார்கள். ரிச்சர்ட்சன் 1963இல் 'டாம் ஜோன்ஸ்' என்று வண்ணத்தில் பதினெட்டாம் நூற்றாண்டுக் குறும்புப் படம் எடுத்து ஆஸ்கர் வாங்கிக்கொண்டார். புதிய அலைக்காக அவரோடும் நாடகாசிரியர் ஜான் ஆஸ்போர்னோடும் வுட்ஃபால் நிறுவனத்தைத் தொடங்கிய ஹாரி சால்ட்ஸ்மேன் 1962இலேயே ஜேம்ஸ் பாண்டுக்குப் போய்விட்டார். கல்லெறிந்த ஆர்தர் சீட்டனின் தயாரிப்பாளர்களில் ஒருவரும் 'டாக்டர் நோ'வின் தயாரிப்பாளரும் ஒரே ஆள். ஆர்தர் சீட்டன் உயிரோடு இருந்திருந்தால் சனிக்கிழமை இரவு எந்தப் படத்துக்கு டிக்கெட் வாங்கியிருப்பான்? சத்தியமாகச் சொல்லுங்கள்.

முருங்கைமரம் சொல்லும் மேசைக் கதையிலும் எனக்கு ஒரு குறை உண்டு. டேனியல் பிளேக் ரொம்ப நல்லவர். மரத்தில் மீன் செதுக்குகிறார், பக்கத்து வீட்டுப் பையனுக்குப் புத்தி சொல்கிறார், குழந்தைகளுக்கு அலமாரி செய்கிறார். குடிப்பதில்லை, யாரையும் அடிப்பதில்லை. ஒரு குடிகாரனுக்கு அந்த 15 புள்ளிகள் மறுக்கப்பட்டால் நாம் அழுவோமா? ஏழை நல்லவனாக இருந்தால்தான் இரக்கம் என்றால் அதுவும் ஒரு மதிப்பீடுதான். அங்கேயும் நாம்தான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து புள்ளி போடுகிறோம்.

4. நிலாமுற்றம் (சென்னை)

கடைசிப் பத்திக்குக் கைதட்டுகிறேன். முதல் இரண்டு பத்திகளுக்கு மாட்டேன்.

இயக்குநர்களின் பட்டத்தை எண்ணினீர்கள், எழுதியவர்களை விட்டுவிட்டீர்கள். ஆர்தர் சீட்டன் கதையை எழுதிய ஆலன் சில்லிட்டோ நாட்டிங்ஹாமில் அதே சைக்கிள் தொழிற்சாலையில் வேலைபார்த்தவர். 'கெஸ்' படத்தின் மூலநாவலை எழுதிய பேரி ஹைன்ஸ் பார்ன்ஸ்லிப் பக்கத்துச் சுரங்கக் கிராமத்துப் பிள்ளை, உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி'யை நாடகமாக எழுதியபோது ஷெலா டெலானிக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது. சால்ஃபோர்டு தொழிலாளர் குடும்பத்துப் பெண். அந்த 1961 படத்தை ரிச்சர்ட்சன் எடுத்தார் என்று சொல்வது சரிதான், ஆனால் அதன் வாய் டெலானியுடையது. அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் குத்திக்கொள்ளும் வேகத்தைக் கேளுங்கள். ஆக்ஸ்போர்டில் அந்தப் பாடம் கிடையாது.

அந்தப் படத்தை வேறொரு காரணத்துக்காகவும் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். மற்ற புதிய அலைப் படங்களில் கோபம் ஆண்களின் சொத்து. பெண் என்றால் கர்ப்பமாகி அவனைக் கட்டிப்போடுபவள். இங்கே பதின்வயது ஜோ கர்ப்பமாக இருக்கிறாள், குழந்தையின் தந்தை கறுப்பின மாலுமி, கப்பலோடு போய்விட்டான். கூட இருந்து சமைத்துப்போட்டு, தொட்டில் கட்டத் துடிப்பவன் ஜெஃப்ரி என்ற தன்பால் ஈர்ப்பாளன். இங்கிலாந்தில் அந்த உறவு 1967 வரை குற்றம். யாரும் உரையாற்றாமல், கொடி பிடிக்காமல், இரண்டு பேர் ஓட்டை வீட்டில் குடும்பம் நடத்திப்பார்க்கிறார்கள். அவ்வளவுதான்.

நான் படத்தொகுப்பு வேலையில் இருப்பவள், ஆகவே மேசையைவிட எனக்குக் கேமரா எங்கே நிற்கிறது என்பதுதான் கண்ணில் படும். 'கெஸ்' படத்தில் கிறிஸ் மெங்கெஸ் கேமராவை ஆட்களிடமிருந்து தள்ளி வைத்தார், நீண்ட லென்ஸ், ஜன்னல் வெளிச்சம். செக் நாட்டுப் படங்களிலிருந்து கற்றது அது. விளைவு என்னவென்றால், நடிப்பவர்களுக்குக் கேமரா முகத்தருகே இருக்கிறது என்ற உணர்வே இல்லை. பொதுவாக லோச் கதை வரிசைப்படியே படமெடுப்பார், அடுத்து என்ன நடக்கும் என்று நடிகர்களிடம் முன்கூட்டிச் சொல்லமாட்டார்.

டேனியல் பிளேக்கில் உணவு வங்கிக் காட்சி நினைவிருக்கிறதா? இரண்டு குழந்தைகளோடு லண்டனிலிருந்து நியூகாசிலுக்கு அனுப்பப்பட்ட கேட்டி, பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் பட்டினி கிடந்தவள். உணவு வங்கியில் ஒரு பெண்மணி பையோடு கூடவே வந்து அலமாரி அலமாரியாக எடுத்துக் கொடுக்கிறார். கேட்டி திரும்பிநின்று ஒரு டின்னைத் திறக்கிறாள். சாஸில் ஊறிய பயறைக் கையில் கவிழ்த்து வாயில் அள்ளிப் போட்டுக்கொள்கிறாள். என்ன செய்தோம் என்று அவளுக்கே ஒரு நொடி கழித்துத்தான் உறைக்கிறது, உடைந்துவிடுகிறாள். அங்கே இருந்த பலர் உண்மையாகவே உணவு வங்கியில் தொண்டு செய்பவர்கள். நான் அந்தக் காட்சியை வெட்டியிருந்தால் கட்டாயம் டின்னுக்கு ஒரு குளோசப் வைத்திருப்பேன். அவர்கள் வைக்கவில்லை. கேமரா, பக்கத்தில் வரிசையில் நிற்கும் இன்னொருவர் பார்க்கும் தூரத்திலேயே நின்றுவிடுகிறது. அந்தத் தூரத்தில் மரியாதை இருக்கிறது, கரிசல்காரன். குன்றின் மேலிருந்து பார்ப்பதல்ல அது.

5. மட்டுறுத்துநர்

இழையில் ஒருவர் இட்ட திருட்டுப் பிரதி இணைப்பு நீக்கப்பட்டது. தயவுசெய்து மீண்டும் இடவேண்டாம். விவாதம் தொடரட்டும்.

6. வடலி (லண்டன்)

நெடுநாள் வாசகி, எழுதுவது குறைவு. இந்தத் தலைப்பைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் அந்த மேசையின் பக்கவாட்டில் உட்காருவது என்னுடைய தொழில். பிரித்தானியாவில் பதினான்கு வருடமாக மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். உதவிப்பண மதிப்பீடுகள், வீடமைப்புப் பிரிவு, மருத்துவமனை, எல்லா இடத்துக்கும் கூப்பிடுவார்கள். மூன்று கதிரைகள் போட்டிருக்கும். கேட்பவருக்கு ஒன்று, பதில் சொல்பவருக்கு ஒன்று, நடுவில் எனக்கு ஒன்று.

ஒருமுறை யாழ்ப்பாணத்து அம்மா ஒருவரோடு போனேன். முழங்கால் இரண்டும் போய்விட்டன. கேள்வி வந்தது: இருநூறு மீற்றர் நடப்பீர்களா? அம்மா என்னைப் பார்த்து, "பிள்ளை, இருநூறு மீற்றர் என்றால் எவ்வளவு தூரம்?" என்றார். நான் விளக்கம் சொல்லக்கூடாது. அந்தக் கேள்வியையும் ஆங்கிலத்தில் மாற்றி அங்கே கொடுத்தேன். அவர் ஜன்னலைக் காட்டி ஒரு பஸ் நிறுத்தத்தைச் சொன்னார். அம்மாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "அதுவா? நான் ஒவ்வொரு வெள்ளியும் அம்மன் கோயிலுக்கு நடந்துதானே போகிறேன்." போகிறார், உண்மை. வழியில் நாலு மதில்களில் உட்கார்ந்து, போய்ச் சேர ஒரு மணித்தியாலம் எடுத்து, மறுநாள் முழுக்கப் படுத்துக் கிடக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும், பஸ்ஸில் வரும்போது சொன்னார். அறைக்குள் சொல்லவில்லை. சொல்லாததை நான் மொழிபெயர்க்க முடியாது. தட்டச்சுச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், முடிந்தது.

ஆகவே முருங்கைமரத்தின் கருத்து எனக்குச் சரியாகப் படுகிறது, ஒரு திருத்தத்தோடு. படிவம் மட்டும் ஆளைச் சுருக்குவதில்லை. மானம் உள்ள மனிதர் தாமாகவே போய் அதற்குள் விழுகிறார். டேனியலும் அப்படித்தான், கேட்ட கேள்விக்கெல்லாம் உண்மை சொல்கிறார். நூலகத்தில் அவரை மௌஸை மேலே கொண்டுபோகச் சொல்வார்கள், அவர் மௌஸையே தூக்கித் திரையில் வைப்பார். இதெல்லாம் மிகை என்று இங்கே சில விமர்சகர்கள் எழுதினார்கள். நான் பார்த்திருக்கிறேன், என் கண் முன்னால்.

இன்னொன்று. அந்தப் பக்கம் இருப்பவரையும் பாருங்கள். வேலைவாய்ப்பு நிலையத்தில் ஆன் என்ற அலுவலர் டேனியலுக்குக் கணினியில் உதவப் போகிறார். மேலாளர் கூப்பிட்டுக் கண்டிக்கிறார், இப்படிச் செய்தால் கெட்ட முன்னுதாரணமாகிவிடும் என்று. லோச்சின் படங்களில் அதிகாரிகள் எல்லோரும் அரக்கர்கள் என்பவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை.

குறை என்று சொன்னால், நாங்கள் இந்தப் படங்களில் இல்லை. தமிழரை மட்டும் சொல்லவில்லை. ஹோரஸ் ஓவே எடுத்த 'பிரஷர்', பிரித்தானியாவில் கறுப்பின இயக்குநர் ஒருவரின் முதல் முழுநீளப் படம், எடுத்தும் வெளிவராமல் கிடந்து தாமதமாகத்தான் வந்தது. பள்ளிப் படிப்பை நல்லபடியாக முடித்த பையன் வேலை தேடிப் போகிறான். அங்கேயும் நேர்முகத் தேர்வு மேசை உண்டு, ஆனால் அவனைப் பார்த்தவுடனேயே முடிவு எழுதப்பட்டுவிட்டது. பில்லிக்குப் படிவம் போதவில்லை என்றால் இந்தப் பையனுக்குப் படிவமே தேவைப்படவில்லை. சமூக யதார்த்தப் பட்டியல் போடுபவர்கள் இதை ஏன் எப்போதும் தனி அறையில் வைக்கிறார்கள்?

7. கரிசல்காரன் (கோவில்பட்டி)

அக்கா, நீங்கள் எழுதிய பிறகு சண்டை போடக் கை வரவில்லை. இருந்தாலும் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். இவ்வளவு படங்கள் வந்தும் மேசை அங்கேயேதானே இருக்கிறது? 'கேத்தி கம் ஹோம்' சட்டத்தை மாற்றியது என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். படம் 1966. வீடற்றவர்களுக்கான வீட்டுவசதிச் சட்டம் 1977. பதினோரு வருடம். அந்தப் படத்தால் வீடற்றவர்களுக்கான ஷெல்டர் என்ற தொண்டு அமைப்பு பிறந்தது என்பதும் கதைதான். படம் ஒளிபரப்பானது நவம்பர் 16, ஷெல்டர் தொடங்கப்பட்டது டிசம்பர் 1. பதினைந்து நாளில் யாராலும் ஓர் அமைப்பைக் கட்டியெழுப்ப முடியாது, ஏற்கெனவே திட்டமிட்டதுதான்.

8. பழைய_புரொஜக்டர் (கோயம்புத்தூர்)

தேதிகள் சரி. ஆனால் புதிதாகக் கடை திறப்பவருக்கு வாசலில் ஏற்கெனவே கூட்டம் நின்றால் அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் பேர் பார்த்தார்கள். அன்றைய பிரிட்டனில் நாலைந்து பேரில் ஒருவர்.

ஏன் அப்படித் தாக்கியது என்பதற்குத் தொலைக்காட்சியையும் கணக்கில் எடுக்கவேண்டும். பிபிசியின் புதன்கிழமை நாடக வரிசையில் வந்தது. ஜெரமி சாண்ட்ஃபோர்டு எழுதினார், டோனி கார்னெட் தயாரித்தார். நாடகம் என்றால் அரங்கம் போட்டு எடுப்பதுதான் வழக்கம். இவர்கள் 16 மில்லிமீட்டர் கேமராவைத் தோளில் தூக்கித் தெருவுக்குப் போனார்கள். காட்சிக்கு மேல் முகம் தெரியாத குடித்தனக்காரர்களின் குரல்கள் வந்துகொண்டே இருக்கும், புள்ளிவிவரங்கள் வரும். கேத்தியும் ரெஜ்ஜும் நல்ல அடுக்குமாடியில் தொடங்கி, மாமியார் வீடு, கேரவன், கடைசியில் விடுதி என்று படிப்படியாக இறங்குகிறார்கள். விடுதியில் தாய்க்கும் பிள்ளைகளுக்கும்தான் இடம், கணவன் தங்கக்கூடாது. முடிவில் ரயில் நிலையத்தில் அதிகாரிகள் வந்து பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். அந்தப் பிள்ளைகள் கேத்தியாக நடித்த கேரல் வைட்டின் சொந்தப் பிள்ளைகள். அந்த அலறலை நடிப்பு என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது? செய்தியா, கதையா என்று அன்றே பலர் கோபப்பட்டார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் சங்கடம் உண்டு. 'கெஸ்' படத்தில் தலைமையாசிரியர் பையன்களைப் பிரம்பால் அடிக்கும் காட்சியும் அப்படி. அடி உண்மையான அடி. சிறுவர்களின் உண்மையான வலியை வாங்கி நமக்கு உண்மையைக் காட்டும் உரிமையை யார் கொடுத்தார்கள்? லோச் மேல் எனக்கு இருக்கும் மரியாதையையும் மீறி இதை நான் மன்னித்ததில்லை.

முருங்கைமரம் தம்பிக்கு ஒரு வீட்டுப்பாடம்: இயக்குநர் மைக் லீ. அவருடைய படங்களில் அலுவலக மேசை குறைவு, சாப்பாட்டு மேசை அதிகம். மாதக்கணக்கில் நடிகர்களோடு ஒத்திகையிலேயே கதாபாத்திரங்களை வளர்த்து, கடைசியில்தான் படமெடுப்பார். 'வெரா டிரேக்' (2004) பாருங்கள். கதை 1950இல் நடக்கிறது. வீட்டு வேலைசெய்யும் வெரா, கருவைச் சுமக்க முடியாமல் தவிக்கும் பெண்களுக்குக் காசு வாங்காமல் ரகசியமாக உதவுகிறாள். சட்டப்படி குற்றம், குடும்பத்துக்கே தெரியாது. மகளின் நிச்சயத்தைக் கொண்டாடச் சின்ன அறையில் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும்போது கதவு தட்டப்படுகிறது. போலீஸ். அந்தக் காட்சியை ஒத்திகையில் உருவாக்கியபோது, குடும்பத்தினராக நடித்தவர்களுக்கு வெராவின் ரகசியமும் தெரியாது, போலீஸ் வருவதும் தெரியாது. இமெல்டா ஸ்டான்டனின் முகத்தை மட்டும் பாருங்கள். ஒரு வார்த்தை பேசாமல் அந்த முகம் முழுக்க இடிந்து கீழே இறங்கும்.

9. முருங்கைமரம் (மதுரை)

வீட்டுப்பாடம் முடிந்தது. நேற்று இரவு பார்த்தேன். ஐயா, அங்கே அலுவலக மேசை வீட்டுக்கே வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிடுகிறது. நான் தோற்றதாக ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ஆனால் இன்று மதியம் பார்த்த படம் என் கருத்தைக் கவிழ்த்துவிட்டது. லோச்சின் 'சாரி வி மிஸ்டு யூ' (2019), டேனியல் பிளேக்கை எழுதிய அதே பால் லாவர்ட்டி எழுதியது, அதே நியூகாசில். ரிக்கி என்பவர் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வண்டி ஓட்டுகிறார். முதல் காட்சியில் கிடங்கு மேலாளர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். சரி, நம் மேசை வந்துவிட்டது என்று நிமிர்ந்தேன். நீ எங்களிடம் வேலைக்குச் சேரவில்லை, எங்களோடு சேர்ந்துகொள்கிறாய், நீயே முதலாளி என்கிறார் அவர். அதற்குப் பிறகு ரிக்கியை ஆள்வது கையில் பிடிக்கும் ஒரு கருவி. வண்டியை விட்டு இரண்டு நிமிடம் விலகினால் ஒலி எழுப்புகிறது. கூட வேலைபார்ப்பவர் முதல் நாளே ஒரு காலி பிளாஸ்டிக் போத்தலைக் கொடுக்கிறார், சிறுநீர் கழிக்க. ரிக்கி சிரித்து மறுக்கிறார். பிறகு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

டேனியல் சண்டைபோட எதிரே ஒரு முகமாவது இருந்தது. ஆன் இருந்தார், கண்டித்த மேலாளர் இருந்தார், சுவரில் எழுத ஒரு கட்டடம் இருந்தது. மிச்ச நேரமெல்லாம் ரிக்கி தனியாக வண்டியில் இருக்கிறார், கருவி மட்டும் பேசுகிறது. அடிபட்டு, ஒரு கண் வீங்கி, வீட்டார் வண்டியின் முன்னால் வந்து மறித்தும் கேளாமல் வேலைக்கு ஓட்டிக்கொண்டு போவதோடு படம் முடிகிறது. 1969இல் பில்லியிடம் அந்த அலுவலர் இரண்டு கேள்வியாவது கேட்டார்.

வடலி அக்கா, 'பிரஷர்' பட்டியலில் சேர்த்துவிட்டேன். முறையாக எங்கே கிடைக்கும் என்று தெரிந்தால் சொல்லுங்கள், மட்டுறுத்துநர் கண் சிவக்காத வழியாக.

10. வடலி (லண்டன்)

பிரித்தானியத் திரைப்பட நிறுவனம்தான் அந்தப் படத்துக்குப் பணம் கொடுத்தது. அண்மையில் புதுப்பித்த பிரதியும் வந்திருக்கிறது, அவர்களிடமே தேடிப்பாருங்கள். அந்தக் கருவியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுச் சிரித்தேன், தம்பி. இப்போது எனக்கும் பாதி வேலை தொலைபேசியில்தான் வருகிறது. மூன்று கதிரைகளும் இல்லை. அந்த அம்மா ஜன்னலைப் பார்க்கவும் முடியாது.

11. கரிசல்காரன் (கோவில்பட்டி)

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் 'கெஸ்' போட்டேன். அப்பாவும் வந்து உட்கார்ந்தார். அவர் முப்பத்தொரு வருடம் டிரில் மாஸ்டர். அந்தக் கால்பந்துக் காட்சி வந்தது: சக்டன் வாத்தியார் சிவப்புச் சட்டையில் தன்னைக் கால்பந்து நட்சத்திரம் பாபி சார்ல்டனாக நினைத்துக்கொண்டு சின்னப் பையன்களைத் தள்ளிவிட்டு கோல் போடுகிறார், தானே நடுவர், தானே வர்ணனையாளர், திரையில் தொலைக்காட்சி ஆட்டம் போல எண்ணிக்கை வேறு வருகிறது. அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். எங்கள் பள்ளியில் இருந்த ஒருவரின் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நடித்த பிரையன் குளோவரும் ஆசிரியராக இருந்தவர், மல்யுத்த வீரர் என்று சொன்னேன். அதுதானே, நடையிலேயே தெரிகிறது என்றார்.

பிறகு குளியலறை. சக்டன் பில்லியைக் குழாயடியில் நிறுத்தி, வெளியே வரவிடாமல் வாசலில் பையன்களைக் காவல் வைத்து, தண்ணீரைச் சில்லென்று மாற்றுவார். அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "குழாயை மூடச் சொல்லுடா" என்றார், ஏதோ நான் அங்கே நிற்பதுபோல. எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். மீதிப் படத்துக்கு வரவில்லை. இரவு சாப்பிடும்போது மட்டும், அந்தப் பையனுடைய பறவை என்ன ஆனது என்று கேட்டார். சொன்னேன்.

அடுத்த வாரம் 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி'. நிலாமுற்றம், துணையெழுத்து உள்ள பிரதி எது நல்லது?